"காயந்தான் ஆறிப்போச்சுல்ல... இன்னும் என்ன வலி?" - பட்டாசு மண்ணின் கேள்விக்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் பதில்!

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலை விபத்து நடந்தால் செய்தி எப்படி வரும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். 'மருந்துக் கலவையின்போது உராய்வு... அறைகள் தரைமட்டம்... இத்தனை பேர் பலி, இத்தனை பேர் படுகாயம்.' அடுத்தடுத்த நாள்களில் பலி எண்ணிக்கை மாறும். நிவாரணம் அறிவிக்கப்படும். அதன்பின் அடுத்த விபத்து வரை பேச்சு இருக்காது.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2023 அக்டோபர் 17-ல் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் இரண்டு விபத்துகள். இந்தத் தேதிகள் பதிவாகி இருக்கின்றன. ஆனால், 'படுகாயம்' என்று எழுதப்பட்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது பெரும்பாலும் அவர்களின் வீட்டுக்கு மட்டுமே தெரியும்.

பல வாரங்கள் தீக்காய வார்டு. தினமும் கட்டுப் பிரித்துக் கட்டும் டிரெஸ்ஸிங். தொடையில் இருந்து தோல் எடுத்து வைக்கும் அறுவை சிகிச்சை. ஒருவழியாகப் புண் ஆறி வீட்டுக்கு வந்த பிறகும், பலருக்கு எரிச்சலும் சுரீர் சுரீர் என்ற குத்தலும் தொடர்கின்றன. ஃபேன் காற்று பட்டாலே காந்துகிறது. சேலை உரசினால் தாங்க முடியவில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் ஆன பிறகும் அவர் "வலிக்குது" என்றால், வீட்டிலேயே யாராவது கேட்டுவிடுகிறார்கள்... "காயந்தான் ஆறிப்போச்சுல்ல, இன்னும் என்ன வலி?"

கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. புண் இருந்தால் வலி, புண் ஆறினால் வலி போய்விடும் என்பதுதானே நமக்குத் தெரிந்த கணக்கு? அந்தக் கணக்கு பாதிதான் சரி என்கிறது மூளை அறிவியல். காயம் தோலில் இருக்கிறது. ஆனால், வலி உருவாகும் இடம் மூளை. அதுவும் மேற்பரப்பில் மட்டுமல்ல, மூளையின் மிக ஆழத்தில்!

மிளகாயும் நெருப்பும் ஒன்றுதான்!

மிளகாய் வத்தல் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் விருதுநகர். வத்தல் மூட்டைக்குள் கைவிட்டவருக்குக் கை ஏன் 'எரிகிறது'? அங்கே நெருப்பே இல்லையே!

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ். நம் நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற ஒரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது கதவுபோலத் திறந்துகொண்டு, 'சுடுகிறது' என்ற சேதியை அனுப்பும். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் என்ற பொருளும் அதே கதவைத்தான் திறக்கிறது. அதனால் நெருப்பு சுட்டாலும் மிளகாய் பட்டாலும் நரம்புக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஜூலியஸ் குழு 1997-ல் இதை வெளியிட்டது. 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆர்டெம் படபூடியன் என்பவருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

கதவு திறந்ததும் சேதி இரண்டு வழிகளில் கிளம்புகிறது. ஒன்று வேகமான நரம்பு. நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். தோசைக்கல்லில் விரல் பட்டதும் 'சுரீர்' என்று வருவது இதன் வேலை. இன்னொன்று மெதுவான நரம்பு. நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான் நகரும். கையை எடுத்த பிறகு வந்து, போகாமல் நின்று காந்துகிறதே, அது இதன் வேலை.

தீக்காயத்தில் ஒரு முரண் உண்டு. மேலாகவும் நடுத்தர ஆழத்திலும் வெந்த இடத்தில் வலி உயிர்போகும். முழு ஆழத்துக்கும் தோல் வெந்துபோன இடத்தில், நரம்பு நுனிகளே கருகிவிடுவதால் வலி தெரியாமல் போகலாம். அதனால் விபத்தில் சிக்கியவர், "எனக்கு ஒண்ணும் வலிக்கல, மத்தவங்களப் பாருங்க" என்று சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்தான் முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டியவராக இருக்கலாம்.

வலி என்பதே இல்லாவிட்டால் நிம்மதி என்று தோன்றுகிறதா? வட பாகிஸ்தானில் பிறவியிலேயே வலி தெரியாத ஒரு சிறுவன் இருந்தான். தெருவில் வித்தை காட்டுவான். கையில் கத்தி குத்திக்கொள்வான், நெருப்புத் துண்டுகள்மீது நடப்பான். 14 வயதை ஒட்டி, கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களை ஆராய்ந்த மருத்துவர்கள், ஒரேயொரு மரபணுவில் இருந்த கோளாறுதான் காரணம் என்று 2006-ல் கண்டறிந்தார்கள். வலி நமக்குக் காவல்காரன். சிக்கல், வேலை முடிந்த பிறகும் அந்தக் காவல்காரன் விசில் ஊதிக்கொண்டே இருக்கும்போதுதான்.

மூளைக்குள் ஒரு விருதுநகர் ஜங்ஷன்

தண்டுவடம் வழியாக மேலே போகும் வலிச் சேதி எங்கே போய்ச் சேருகிறது?

விருதுநகர் ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கமிருந்து வரும் தண்டவாளம் அங்கே பிரிகிறது. ஒன்று சாத்தூர் வழியாகத் திருநெல்வேலிக்கு, இன்னொன்று சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் தென்காசிக்கு, மற்றொன்று அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு. மூளையின் நட்டநடுவே அப்படியொரு ஜங்ஷன் இருக்கிறது. பெயர் தலாமஸ். இடது, வலது என இரண்டு சின்ன முட்டைகள் போன்ற அமைப்பு. வாசனையைத் தவிர ஏறத்தாழ எல்லாப் புலன்களின் சேதியும் இங்கே வந்துதான் பிரிந்து போகிறது.

வலிச் சேதியின் ஒரு பகுதி இங்கிருந்து மூளையின் மேற்பரப்புக்குப் போகிறது. எந்த இடம், எவ்வளவு சூடு என்ற விவரம் அங்கே தெரியும். 'வலது கை, மணிக்கட்டுக்கு மேலே' என்பது மாதிரி.

இன்னொரு பகுதி, பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா, இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்புறமாக இருக்கும் சிங்குலேட் ஆகிய பகுதிகளுக்குப் போகிறது. 'ஐயோ, தாங்க முடியவில்லையே' என்ற வேதனையில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இடத்தை அறிவது ஒன்று, அதனால் தவிப்பது இன்னொன்று. நாம் 'வலி' என்று ஒரே சொல்லால் சொல்வது இரண்டும் சேர்ந்ததுதான்.

ஜங்ஷனிலேயே கோளாறு என்றால் என்ன ஆகும்? 1906-ல் டெஜரின், ரூஸி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். தலாமஸில் பக்கவாதம் தாக்கிய சிலருக்கு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒரு பக்கம் முழுக்க எரிச்சலும் வலியும் வந்தது. இன்றும் பக்கவாதம் வந்த பெரியவர்களில் சிலர் "ஒரு பக்கம் பூரா தீயா எரியுதுப்பா" என்பார்கள். வயதான காலத்துப் புலம்பல் என்று தள்ளிவிடாமல், நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

காயமே இல்லாமல் வலி வர முடியும் என்பது 100 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த உண்மை. அப்படியென்றால், காயம் ஆறிய பிறகு வலி இருப்பதில் ஆச்சர்யம் என்ன?

ட்ராலி சத்தம் கேட்டாலே வலிக்கும்!

தீக்காய வார்டில் இருந்தவர்களைக் கேட்டால், பலர் நெருப்பைவிட டிரெஸ்ஸிங்கைத்தான் அதிகம் சொல்வார்கள். ஒட்டியிருக்கும் துணியைப் பிரித்து, செத்த தோலை எடுத்து, கழுவி, மருந்து போட்டு மறுபடி கட்ட வேண்டும். இது தினமும் நடக்கும். சில நாள்களில், டிரெஸ்ஸிங் ட்ராலியின் சக்கரச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும்.

இது அமிக்டலாவின் வேலை. இரண்டு காதுகளுக்கும் உள்பக்கமாக, மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் பகுதி. ஆபத்து எது என்று கற்றுக்கொள்வதும், அதை மறக்காமல் வைத்திருப்பதும் இதன் முக்கியப் பணி. பக்கத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ், அது எங்கே, எப்போது நடந்தது என்ற நினைவைச் சேர்த்துவைக்கிறது. இரண்டும் சேர்ந்து, அடுத்த முறை வலி வருவதற்கு முன்பே எச்சரிக்கை மணியை அடிக்கின்றன. பயத்தோடு காத்திருப்பவருக்கு அதே அளவு காயம் கூடுதலாக வலிக்கும்.

பட்டாசு மண்ணில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தியாவின் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவிகிதம் தயாராகும் வட்டாரம் இது. விபத்தில் தப்பியவர் வீடு திரும்பினாலும் சுற்றிலும் அதே தொழில்தான். கந்தக வாசம், தூரத்தில் கேட்கும் வெடிச்சத்தம், தீபாவளி... வாசனைக்குத் தலாமஸ் ஜங்ஷனில் இறங்கி ஏறும் வேலைகூட இல்லை. அது நேராக அமிக்டலாவுக்குப் போகும். ஊரே கொண்டாடும் நாளில் ஒருவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தால், அவரைக் கோழை என்று சொல்வதில் நியாயமில்லை. அவருடைய மூளை, கற்றுக்கொண்ட பாடத்தை ஒப்பிக்கிறது.

மூளையிடமே இருக்கிறது வலி மருந்து!

இதுவரை சொன்னது வலி மேலே ஏறும் பாதை. மூளையிலிருந்து கீழே இறங்கும் பாதை ஒன்றும் இருக்கிறது. அதன் வேலை வலியை அடக்குவது!

அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி கொஞ்சம் மட்டுப்படுகிறதல்லவா? தண்டுவடத்தில் ஒரு 'கேட்' இருக்கிறது, தொடு உணர்வும் மூளையின் கட்டளையும் அதை மூடலாம், திறக்கலாம் என்ற கருத்தை ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965-ல் முன்வைத்தார்கள். அந்த விளக்கம் பின்னர் பலவிதமாகத் திருத்தப்பட்டாலும், வலி என்பது ஒருவழிப் பாதை இல்லை என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

கட்டளை எங்கிருந்து வருகிறது? 1969-ல் டேவிட் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர், எலிகளின் நடுமூளையில் ஒரு குறிப்பிட்ட சாம்பல் நிறப் பகுதியை மின்சாரத்தால் தூண்டினார். மயக்க மருந்து இல்லாமலே அவற்றுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது. பெரிஅக்வடக்டல் கிரே என்று அந்த இடத்துக்குப் பெயர். மனித மூளையிலும் அது உண்டு. 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும், மூளை தானே தயாரிக்கும் மார்ஃபின் போன்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள். இந்தச் சாம்பல் நிறப் பகுதி, இத்தகைய பொருள்களின் துணையோடு தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பி, வலியின் கேட்டை மூடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் ஒன்றைக் கவனித்தார். பெரிய காயத்தோடு வந்த வீரர்களில் பெரும்பாலானோர், 'வலி மருந்து வேண்டுமா?' என்று கேட்டபோது வேண்டாம் என்றார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்தக் காயம், உயிரோடு வீடு திரும்பப்போவதற்கான சீட்டு. காயத்தின் அளவு மட்டுமே வலியின் அளவைத் தீர்மானிப்பதில்லை. அந்தக் காயத்துக்கு என்ன அர்த்தம் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்று அவர் வாதிட்டார்.

இதைப் படிக்கும்போது விருதுநகர்க்காரர்களுக்குப் பங்குனிப் பொங்கல் ஞாபகம் வரலாம். பராசக்தி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, கனலும் அக்னிச்சட்டியைக் கையில் ஏந்தி வருபவர்கள் முகத்தில் வேதனையைவிட வேறொன்று தெரியும். பக்தி அவரவர் நம்பிக்கை. ஆனால், நம்பிக்கை வலியைத் தொடுகிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். லேசான மின் அதிர்ச்சி கொடுக்கும்போது கன்னி மரியாளின் ஓவியத்தைப் பார்த்த கத்தோலிக்கர்கள், வேறு ஓவியத்தைப் பார்த்தபோது உணர்ந்ததைவிட வலி குறைவு என்றார்கள். அப்போது நெற்றிக்குப் பின்னால், உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த உதவும் ஒரு பகுதி சுறுசுறுப்பானது ஸ்கேனில் தெரிந்தது.

சட்டி எடுப்பவர் தேர்ந்தெடுத்த நெருப்பு அது. தேதி தெரியும், காரணம் தெரியும், இறக்கிவைக்கும் நேரமும் தெரியும். ஆலைக்கு வேலைக்குப் போனவர்மீது விழுந்தது அவர் கேட்காத நெருப்பு. கூட வேலை பார்த்தவர் இறந்திருப்பார். கடன் இருக்கும். இனி இந்தக் கையால் வேலை பார்க்க முடியுமா என்ற பயம் இருக்கும். வலியை அடக்கும் அதே சாம்பல் நிறப் பகுதிதான், பயமும் கவலையும் மிகும்போது வலியைக் கூட்டும் பாதையையும் திறந்துவிடுகிறது. கடனும் தூக்கமின்மையும் உண்மையிலேயே வலியின் அளவை ஏற்றும்.

புண் ஆறியபின் நடப்பது என்ன?

வாரக்கணக்கில் வலிச் சேதி இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால், தண்டுவடமும் மூளையும் பழகிப்போய் அமைதியாகிவிடும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. அவை இன்னும் கூர்மையாகின்றன. ரேடியோவில் வால்யூமைக் கூட்டி வைத்ததுபோல, சின்னச் சேதியும் பெரிதாகக் கேட்கிறது. தொட்டால் வலிப்பதும், காற்று பட்டால் எரிவதும் இதனால்தான். வெந்த இடத்தில் மறுபடி வளரும் நரம்புகள் தாறுமாறாக வளர்வதும் சேர்ந்துகொள்கிறது. தழும்பில் வரும் அடங்காத அரிப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

யாருக்கு வலி தங்கிவிடும் என்பதிலும் ஆழ்மூளைக்குப் பங்குண்டு. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வானியா அப்காரியன் குழு, புதிதாக முதுகுவலி வந்தவர்களைச் சுமார் ஒரு வருடம் தொடர்ந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. 2012-ல் வெளியான முடிவு இது: ஆசை, பலன், ஊக்கம் போன்றவற்றைக் கையாளும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற ஆழ்பகுதிக்கும் முன்மூளைக்கும் இடையே தொடர்பு அதிகமாக இருந்தவர்களுக்கே வலி நாள்பட்டதாக மாறியது. முதுகில் இருந்த வித்தியாசத்தைவிட மூளையில் இருந்த வித்தியாசம்தான் அதிகம் சொன்னது. நாள்பட்ட வலியில் இருப்பவர் எதிலும் ஆர்வமில்லாமல் சுருண்டு படுத்துக்கொள்வது சோம்பேறித்தனம் அல்ல என்பதும் இதில் புரிகிறது. ஊக்கத்தைத் தரும் இடமும் வலியோடு மல்லுக்கட்டும் இடமும் ஒன்றாக இருக்கின்றன.

இங்கே தமிழ் ஓர் உதவி செய்கிறது. கடுகடுப்பு, குடைச்சல், உளைச்சல், விண்விண், சுள், காந்தல், மதமதப்பு என்று நம்மிடம் வலிக்கு எத்தனை சொற்கள்! மெல்சாக் 1975-ல் ஆங்கிலத்தில் வலிச் சொற்களைத் தொகுத்துத்தான் புகழ்பெற்ற ஒரு கேள்விப் பட்டியலையே உருவாக்கினார். எரிச்சல், கரன்ட் அடித்ததுபோல் சுரீர், ஊசி குத்தல், மரத்துப்போதல் ஆகியவை நரம்பு வலிக்கான அடையாளங்கள். மருத்துவரிடம் 'வலிக்குது' என்று மட்டும் சொல்லாமல், வீட்டில் சொல்லும் அதே சொல்லைச் சொல்லுங்கள். சாதாரண வலி மாத்திரைக்கு நரம்பு வலி பெரும்பாலும் அடங்காது. அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

இல்லாத விரல் வலிக்குமா?

வெடி விபத்துகளில் விரல்களை, சில நேரம் கையையே இழப்பவர்கள் உண்டு. எடுக்கப்பட்ட கை இன்னும் இருப்பதுபோலத் தோன்றுவதும், அந்த இல்லாத கை வலிப்பதும் அவர்களில் பலருக்கு நேர்கிறது. 'வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்களோ' என்று மறைப்பவர்களும் உண்டு.

இந்த மாய உறுப்பு வலிக்கு உலகம் அறிந்த ஓர் எளிய வழியைக் காட்டியவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த தமிழர், டாக்டர் வி.எஸ்.ராமச்சந்திரன். அமெரிக்காவின் சான் டியாகோவில் பணியாற்றிய அவர், கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, இல்லாத விரல்களைத் தொடுவதாக அவர் உணர்வதைக் கண்டார். மூளையின் வரைபடத்தில் கைக்கும் முகத்துக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். கையிடமிருந்து சேதி நின்றதும் முகம் அந்த இடத்தை ஆக்கிரமித்துக்கொண்டது என்பது அவர் தந்த விளக்கம்.

1990-களில் அவர் செய்த சிகிச்சை ஆச்சர்யமானது. ஒரு பெட்டி, நடுவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. இருக்கும் கையைக் கண்ணாடி முன் வைத்து அசைத்தால், இல்லாத கை அசைவதுபோல பிம்பம் தெரியும். பல வருடங்களாக 'இறுக மூடியே' வலித்துக்கொண்டிருந்த மாயக் கை, சிலருக்குத் திறந்துகொண்டது. 2007-ல் அமெரிக்காவின் வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், கால் இழந்த வீரர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், கண்ணாடிப் பயிற்சி செய்தவர்களுக்கு நான்கு வாரங்களில் வலி குறைந்தது. எல்லோருக்கும் பலன் தருவதில்லை என்றாலும், செலவு அதிகமில்லாத இந்தப் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் துணையோடு முயன்று பார்க்கலாம்.

இதிலும் தலாமஸ் ஜங்ஷன் உண்டு. கனடாவின் டொரன்டோவில், உறுப்பு இழந்தவர்களின் தலாமஸை அறுவை சிகிச்சையின்போது மின்சாரத்தால் மெல்லத் தூண்டினார்கள். இல்லாத உறுப்பில் உணர்வு வந்தது, சிலருக்கு வலியும் வந்தது. 1998-ல் வெளியான ஆய்வு இது. ஊர் இல்லாமல் போன பிறகும், ஜங்ஷனில் அந்த ஊருக்கான பிளாட்பாரம் அப்படியே இருக்கிறது!

பனி உலகத்துக்குள் ஒரு டிரெஸ்ஸிங்

ஆழ்மூளை வலியைக் கூட்டும் என்றால், அதை வைத்தே குறைக்கவும் முடியும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் குழு தீக்காய நோயாளிகளுக்காகவே ஒரு வி.ஆர் விளையாட்டை உருவாக்கியது. பெயர் ஸ்னோ வேர்ல்டு. டிரெஸ்ஸிங் நடக்கும்போது நோயாளி, பனிப் பள்ளத்தாக்கில் பறந்தபடி பென்குயின்கள்மீது பனி உருண்டைகளை எறிந்துகொண்டிருப்பார். வழக்கமான வலி மருந்தோடு இதையும் சேர்த்தபோது வலி குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு லேசான சூடு வைத்து 2004-ல் எடுத்த எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேனில், தலாமஸ், இன்சுலா, சிங்குலேட் எல்லாவற்றிலும் வலிக்கான செயல்பாடு குறைந்திருந்தது.

வி.ஆர் கருவி இல்லாத வார்டிலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. டிரெஸ்ஸிங்குக்குச் சற்று முன்பே வலி மருந்து கொடுப்பது, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்வது, பிடித்த பாட்டையோ வீடியோவையோ ஓடவிடுவது, 'போதும், ஒரு நிமிஷம்' என்று நிறுத்தச் சொல்லும் உரிமையை நோயாளிக்குத் தருவது... இவையெல்லாம் ஆழ்மூளைக்குப் போகும் மருந்துதான்.

கடுமையான வலிக்கு மார்ஃபின் கொடுக்க மருத்துவர் சொன்னால், 'அடிமையாகிவிடுவோமோ' என்று குடும்பம் பயப்படுகிறது. தேவையான நாள்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் தருவது வேறு, போதைக்காக எடுப்பது வேறு. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் நம் நாட்டில் மார்ஃபின் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பயன்பாட்டுக்கு வழியை எளிதாக்கினார்கள். வலியை ஆரம்பத்திலேயே அடக்கினால், அந்த வால்யூம் ஏறுவதைத் தடுக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு...

* தீக்காயம் பட்டதும் ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். டூத் பேஸ்ட், பேனா மை, காபித்தூள், மஞ்சள் எதையும் பூச வேண்டாம். வளையல், மோதிரத்தை உடனே கழற்றுங்கள். சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழையுங்கள்.

* சிவகாசி அரசு மருத்துவமனையிலும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் தீக்காயப் பிரிவுகள் உள்ளன. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. புண் ஆறி மூன்று மாதத்துக்குப் பிறகும் வலி, எரிச்சல் இருந்தால், புறநோயாளிப் பிரிவில் அதை மட்டும் காட்டுவதற்காகவே போகலாம். நரம்பியல், மயக்கவியல் துறை மருத்துவர்கள் நாள்பட்ட வலிக்குச் சிகிச்சை தருவார்கள்.

* நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்து எழுதப்படலாம். 'இது மனநோய் மாத்திரையாச்சே' என்று நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வுக்காக வந்த இந்த மருந்து, குறைந்த அளவில் நரம்பு வலியை அடக்கவும் பயன்படுகிறது. நீங்களாக வாங்கவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

* தூக்கமின்மை, திடுக்கிட்டு விழித்தல், வெடிச்சத்தத்துக்குப் பயம் இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவச மனநல ஆலோசனை பெறலாம். பயம் குறைந்தால் வலியும் குறையும்.

* நடமாட முடியாதவர்களுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம், 2020-ல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தி எழுதியது. அதோடு சேர்த்துச் சொன்ன ஒரு குறிப்பு, எந்த மருந்துச் சீட்டையும்விட எளிமையானது: ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால், அந்தச் சொல்லை மதிக்க வேண்டும்.

வலியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. மூளையின் அடியாழத்தில் என்ன நடக்கிறது என்பதை எட்டிப் பார்க்க நம் வீட்டில் ஸ்கேனும் இல்லை. நம்மிடம் இருப்பது, வலிப்பவரின் வார்த்தை மட்டும்தான். அடுத்த முறை அவர் "வலிக்குது" என்றால், "இன்னும் என்ன வலி?" என்பதற்குப் பதிலாக "எப்படி வலிக்குது... எரியுதா, குத்துதா?" என்று கேட்டுப் பாருங்கள். சிகிச்சை அந்தக் கேள்வியில் இருந்தே தொடங்கிவிடும்.